இடதுகைக்காரன் என்று நினைத்தோம்: பிள்ளைகளின் மூளை வளரும் விதம்

என் அக்கா மகனுக்கு எட்டு மாதம் நடக்கும்போதே அவன் இடதுகைக்காரன் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டோம். கிலுகிலுப்பையைக் காட்டினால் இடது கை நீளும். முறுக்கைக் காட்டினாலும் அதே கைதான். வலது பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால்கூட உடம்பையே திருப்பி இடது கையால் எட்டி எடுப்பான். வலது கை விரல்கள் எப்போதும் மடங்கியே இருக்கும். "அவுக தாத்தாவும் இடது கைதான். வலை பொத்துறதே அந்தக் கையாலதான்" என்றார் அப்பத்தா. அத்தோடு பேச்சு முடிந்தது. எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் ஊர் மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது. சளிக்காக ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனபோது அந்தக் கையையும் காட்டினோம். போகப் போகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு அங்கன்வாடிக்குத் தூக்கிப் போனபோதுதான் கிராம செவிலியர் அவன் முன்னால் ஒரு பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிப் பார்த்தார். "இந்த வயசுல எந்தப் பிள்ளைக்கும் இடது கை, வலது கைன்னு கிடையாதுக்கா. ரெண்டும் ஒண்ணுபோல வரணும். தள்ளிப் போடாம ராம்நாட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஸ்கேனில் விஷயம் தெரிந்தது. பிறக்கும் சமயத்திலோ அதற்குச் சற்று முன்போ, வலது கையை ஆட்டிவைக்கும் மூளையின் இடது பாதியில் ஒரு ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது. அதாவது பக்கவாதம். அது தாத்தாக்களுக்கு வரும் நோய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். சில ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பச்சைப் பிள்ளைகளுக்கும் வருகிறது. பெரியவர்களுக்கு வந்தால் வாய் கோணுகிறது, கை விழுகிறது, அப்போதே தெரிந்துவிடும். பச்சைப் பிள்ளைக்கு அந்தக் கையால் செய்ய இன்னும் எந்த வேலையும் வராததால், பல நேரம் மாதக்கணக்கில் வெளியே தெரிவதில்லை. கையை நீட்டிப் பொருளைப் பிடிக்கும் பருவம் வந்தபிறகே குட்டு உடைகிறது. உண்மையான கைப்பழக்கம் ஒன்றரை வயதுக்கு மேல்தான் மெல்லத் தெரியத் தொடங்கும். அதற்கு முன்பே ஒரு கையை ஒதுக்கினால், ஒதுக்கப்படும் கையில் ஏதோ கோளாறு என்றுதான் பார்க்க வேண்டும்.

அக்கா டாக்டரிடம் முதலில் கேட்டது கையைப் பற்றி இல்லை. "பேச்சு இடது மூளைலதான் இருக்குன்னு படிச்சிருக்கேன். அப்ப இவன் பேசுவானா?" என்றாள்.

அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு சாதாரண ஆளுக்கு இதில் எது புரிந்தால் உதவும் என்று எனக்கு இப்போது ஓரளவு தெரியும். அதை அடியிலிருந்து சொல்கிறேன்.

ஏரா வைக்கும் நாட்கள்

மூளை என்பது பிறக்கும்போது சின்னதாக இருந்து பிறகு பெரிதாகிற ஒன்று, பூசணிப் பிஞ்சு மாதிரி, என்று நினைக்கிறோம். எடையை மட்டும் பார்த்தால் சரிதான். பிறந்த பிள்ளையின் மூளை 350 முதல் 400 கிராம், பெரியவர் மூளை 1,300 முதல் 1,400 கிராம். ஆனால் உள்ளே நடப்பது நாட்டுப்படகு கட்டும் வேலைக்குத்தான் நெருக்கம். முதலில் ஏரா என்ற அடிமரம், அப்புறம் வங்குக்கால் என்ற விலாக்கட்டைகள், அப்புறம் பலகை. ஏராவில் கோணல் விழுந்துவிட்டால் பலகையை எவ்வளவு இழைத்தாலும் படகு ஒரு பக்கம் சாயும்.

மூளையின் ஏரா ஒரு குழாய். கரு உருவானதும் அதன் முதுகில் தட்டையாக ஒரு தகடு தோன்றி, இரு ஓரமும் எழும்பி, நடுவில் சேர்ந்து மூடிக்கொள்கிறது. இந்தக் குழாயின் மேல் முனை மூளையாகிறது, மீதி தண்டுவடமாகிறது. கரு உருவான 28ஆம் நாளுக்குள் மூடும் வேலை முடிந்துவிட வேண்டும். கீழே மூடாமல் விட்டுப்போனால் முதுகில் தண்டுவடம் பிளந்த நிலையில் பிள்ளை பிறக்கும்.

28 நாள் என்றால் என்ன? நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று அந்தப் பெண்ணே அப்போதுதான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பாள். இதைத் தடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை விலை குறைந்த சாதாரண மாத்திரைதான். முன்பே இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற தாய்மாருக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை, மறுபடியும் அதே குறை வருவது சுமார் 72 சதவீதம் குறைந்ததாக 1991இல் காட்டியது. ஆனால் நம் பக்கம் மாத்திரையைத் தொடங்குவது பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில். ரத்தச்சோகைக்கு அது உதவும். குழாய் மூடுவதற்கு அது பிந்திவிட்ட மாத்திரை. கல்யாணமான கையோடு, பிள்ளைக்கு யோசிக்கும்போதே, தினம் 400 மைக்ரோகிராம் தொடங்க வேண்டும். முன்பு இப்படி ஒரு பிள்ளை பிறந்திருந்தால் அளவு பல மடங்கு கூடும், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

குழாய் மூடியதும் செல்கள் பெருகுகின்றன. வளர்ந்த மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருப்பதாகப் பிரேசில் நாட்டு அறிவியலாளர் சுசானா ஹெர்குலானோ ஹூசெல் குழு 2009இல் எண்ணிச் சொன்னது. அதற்கு முன்பு எல்லாப் புத்தகத்திலும் பத்தாயிரம் கோடி என்று இருந்தது, யாரும் எண்ணிப் பார்க்காமலே. மூளையின் மேலுறையில் இருக்கும் செல்கள் அங்கேயே பிறப்பவை அல்ல. உள்ளே, ஆழத்தில் பிறந்து, வெளிப்பக்கம் ஏறிப் போகின்றன. முதலில் போனவை உள்ளடுக்கில் தங்க, பின்னால் வந்தவை அவற்றைத் தாண்டி மேலடுக்கில் போய் உட்காருகின்றன. இந்த ஏற்றத்தில் வழிதவறினால் பின்னாளில் வலிப்பு வரலாம், கற்பதில் சிரமம் வரலாம்.

இந்த ஏற்றம் நடக்கும் மாதங்களில் மூளை எப்படி இருக்கும் என்று பார்க்க உலகத்துக்கே இப்போது சென்னையிலிருந்து ஒரு வரைபடம் கிடைத்திருக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 சீவல்களாகப் படம்பிடித்து, ஒவ்வொரு செல்லும் தெரியும் அளவுக்கு முப்பரிமாணத்தில் அடுக்கி, 2024 டிசம்பரில் வெளியிட்டது. தரணி என்று பெயர். யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். எனக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருவேலங்காட்டுப் பாதைகள்

பிறந்த பிறகு நடக்கும் பெரிய வேலை, செல்லுக்கும் செல்லுக்கும் இணைப்புப் போடுவது. இந்த இணைப்பை சினாப்ஸ் என்பார்கள். இங்கேதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மூளை தேவையான இணைப்புகளை மட்டும் கணக்காகப் போடுவதில்லை. முதலில் கண்டபடி, தேவைக்கு மிக அதிகமாகப் போட்டுவிடுகிறது. பிறகு பயன்படாதவற்றை வெட்டி எறிகிறது. சிகாகோவில் குழந்தை நரம்பியல் மருத்துவராக இருந்த பீட்டர் ஹட்டன்லாக்கர், பல வயதில் இறந்தவர்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்து இணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். 1979இல் அவர் வெளியிட்ட கணக்கு, சின்னப் பிள்ளை மூளையில் பெரியவர் மூளையைவிட இணைப்புகள் நெருக்கமாக இருப்பதைக் காட்டியது. பார்வைப் பகுதியில் இந்த நெருக்கம் முதல் வயதுக்குள்ளேயே உச்சத்தைத் தொடுகிறது. யோசிக்க, பொறுத்திருக்க, திட்டமிட உதவும் நெற்றிப்பகுதியில் வெட்டும் வேலை பதின்வயது வரை இழுக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் சீமைக்கருவேலங்காட்டுக்குள் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. காட்டுக்குள் பத்து ஒற்றையடிப் பாதை இருக்கும். ஆள் நடக்கிற பாதை அகலமாகும், கெட்டிப்படும். நடக்காத பாதையை ஒரு மழைக்காலத்தில் முள் மூடிவிடும். மூளையும் அப்படித்தான். அடிக்கடி சமிக்ஞை ஓடும் இணைப்பு தங்குகிறது, ஓடாதது போகிறது. தங்கிய பாதைகளுக்குப் பிறகு மையலின் என்ற கொழுப்புறை ஏறுகிறது, கம்பிக்கு ரப்பர் உறை போடுவது போல. உறை ஏறிய நரம்பில் செய்தி பல மடங்கு வேகமாக ஓடும். இந்த வேலை இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது.

அப்படியானால் ஒரு பாதையில் ஆரம்பத்திலிருந்தே ஆள் நடக்கவில்லை என்றால்? டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு பேர் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மட்டும் முதல் சில மாதங்கள் மூடிவைத்துப் பார்த்தார்கள். திறந்தபோது கண் நன்றாகவே இருந்தது, ஆனால் அந்தக் கண்ணால் பூனைக்குப் பார்வை இல்லை. மூளையில் அந்தக் கண்ணுக்கான இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அதேபோல மூடித் திறந்தால் ஒன்றும் ஆகவில்லை. இருவருக்கும் 1981இல் நோபல் கிடைத்தது. பிள்ளைக்குப் பிறவியிலேயே கண்புரை இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ பெரிதான பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடுகிற வீடுகள் எங்கள் பக்கம் இன்னமும் உண்டு.

கடல்காரர்களுக்குப் பருவம் என்ற சொல் புதிதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, அது மீன் இனம் பெருகும் காலம். அந்தக் கணக்கை மூளைக்கும் வைத்துக்கொள்ளலாம், ஒரு திருத்தத்தோடு. மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தேதி உண்டு. மூளையின் பருவத்துக்கு அப்படி ஒரே நாளில் சாத்தும் கதவு கிடையாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருக்கும் பவன் சின்ஹா, பிறவிக் கண்புரையோடு பார்வையில்லாமல் வளர்ந்த வட இந்தியப் பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து அவர்களை ஆராய்ந்தார். பிரகாஷ் திட்டம் என்று பெயர். எட்டு வயதுக்கு மேல் கண் திறந்த பிள்ளைகளும் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். கூர்மை முழுக்க வரவில்லை, ஆனால் ஆளைக் கண்டுகொள்ளவும் பொருளை அடையாளம் காணவும் முடிந்தது. கதவு மெல்லச் சாய்கிறது, இடுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காதுக்கும் இதே கதை. கேட்காத பிள்ளைக்குப் பேச்சுப் பாதையில் ஆளே நடப்பதில்லை. அதனால் பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குவது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் பரம்பரைச் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால் நமக்கு இது இன்னும் அவசியம்.

உப்பு விளையும் ஊரில் ஒரு சந்தேகம்

பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி குன்றுவதற்குத் தடுக்கக்கூடிய காரணங்களில் உலகிலேயே முதலிடம் அயோடின் குறைவுக்கு. இதை அப்பத்தாவிடம் சொன்னால் சிரிப்பார். "கடல்ல இல்லாததா பாக்கெட்ல இருக்கு?" என்பார். அவர் ஆயுளுக்கும் கல்லுப்புதான் போட்டுச் சமைத்தவர். வாலிநோக்கம் உப்பளத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தமிழ்நாடு அரசு 1974இல் தொடங்கிய உப்பு நிறுவனத்தின் உப்பளம் அங்கேதான் இருக்கிறது.

அப்பத்தாவின் கேள்வி நியாயமானது, கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் அளவுக்கு உப்புகள் உண்டு. அயோடின் 60 மைக்ரோகிராமைத் தாண்டாது. அந்த அயோடின் அத்தனையும் உப்போடு தங்கிவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு 10 கிராம் உப்பு தின்றால் 17 மைக்ரோகிராம் வரும். பெரிய ஆளுக்குத் தேவை 150, கர்ப்பிணிக்கு 250. பத்தில் ஒரு பங்கு தேறுவதே பெரிது. நிஜத்தில் அதுவும் வராது. பாத்தியில் உப்பு படிகமாகும்போது அயோடின் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. கடல் உப்பில் அயோடின் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

அதனால்தான் உப்பில் பொட்டாசியம் அயோடேட்டைத் தெளித்துக் கலக்குகிறார்கள். வீட்டுக்கு வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. 10 கிராமில் அது சரியாக 150 மைக்ரோகிராம். விதி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். ஒரே சங்கடம், அளவுக்கு மேல் உப்பு கூடாது என்றும் அதே டாக்டர்கள்தான் சொல்கிறார்கள், அது தனிக்கதை.

இந்தியாவில் அயோடின் உப்பின் பலனை நிரூபித்தது மலையடிவாரம், கடற்கரை அல்ல. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை வீட்டுக்கு வீடு இருந்தது. மருத்துவ ஆராய்ச்சியாளர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956இல் தொடங்கி, சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அயோடின் உப்பு போன பகுதிகளில் கழலை வேகமாகக் குறைந்தது. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. நேரடியாக உண்ண அயோடின் இல்லாத உப்பை விற்கக்கூடாது என்ற தடை 2006 முதல் நாடு முழுக்க நடப்பில் இருக்கிறது.

கழலை கண்ணுக்குத் தெரியும். மூளைக்கு நடப்பது தெரியாது. தைராய்டு ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். செல்கள் மேலே ஏறுவதற்கும் மையலின் உறை ஏறுவதற்கும் அந்த ஹார்மோன் வேண்டும். கர்ப்பத்தின் முதல் பாதியில் சிசுவுக்குச் சொந்தத் தைராய்டு சரியாக வேலை செய்யாது, தாயின் ஹார்மோனைத்தான் நம்பியிருக்கும். தாய்க்குக் குறைந்தால் பிள்ளைக்குப் படகின் பலகை ஏறும் நேரத்தில் ஆணி இல்லை.

சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே தைராய்டு வேலை செய்யாமல் இருப்பதும் உண்டு, இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில். பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். ஆறு மாதம் கழித்துத் தொடங்கினால் போனது முழுக்கத் திரும்பாது. பிரசவ ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடல் மீனில் அயோடின் உண்டு, அதை மறுக்கவில்லை. பாசியில் அதைவிட அதிகம். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளை எடுக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் அகர், ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள்களை எடுக்க லாரி ஏறிப் போகிறது. எங்கள் குழம்புச் சட்டிக்கு வருவதில்லை.

வலையில் தொங்கும் ஈயம்

இதைச் சொல்லாமல் போனால் கடற்கரைக்காரன் எழுதியதாக இருக்காது. வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோத்திருப்போம். என் பெரியப்பா ஈயத்தைப் பழைய இரும்புச் சட்டியில் உருக்கி வீட்டுக் கொல்லையிலேயே குண்டு வார்ப்பார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். குண்டை வாயில் போட்டு உருட்டியதும் உண்டு. லேசாக இனிக்கிற மாதிரி இருக்கும்.

ஈயம் உடம்புக்குள் கால்சியம்போல வேஷம் போடும். நரம்புகள் இணைப்பு போட கால்சியத்தைப் பயன்படுத்தும் இடத்தில் இது நுழைந்து காரியத்தைக் கெடுக்கும். சாப்பிட்ட ஈயத்தில் பெரியவர் உடம்பு எடுத்துக்கொள்வதைவிடப் பிள்ளை உடம்பு நான்கைந்து மடங்கு எடுத்துக்கொள்கிறது. ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து ஈயத்தை அளந்தார். நோய் அறிகுறி எதுவுமே இல்லாத பிள்ளைகளிலும், பல்லில் ஈயம் அதிகம் இருந்தவர்களின் கவனமும் அறிவுச் சோதனை மதிப்பெண்ணும் குறைந்திருப்பதை 1979இல் காட்டினார். ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இந்தியாவில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை 2000இல் எடுத்துவிட்டார்கள். கொல்லையிலிருந்து நாம்தான் எடுக்க வேண்டும். உருக்கும் வேலையைப் பிள்ளைகள் இல்லாத இடத்தில் வையுங்கள், வலையைத் தொட்ட கையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

மூச்சு, மஞ்சள், வலிப்பு

அக்கா மகனுக்கு வந்திருப்பதை மூளை முடக்குவாதத்தில் ஒரு வகை என்று அட்டையில் எழுதினார்கள். வளரும் மூளையில் ஒருமுறை பட்ட அடியால் உடம்பின் அசைவும் நிற்கும் பாங்கும் கெடுவதுதான் இது. அடி அப்படியே நிற்கும், பெரிதாகாது. ஆயிரம் பிறப்புக்கு இரண்டு மூன்று. வில்லியம் லிட்டில் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1862இல், கஷ்டப் பிரசவத்தில் மூச்சுத் திணறுவதுதான் காரணம் என்றார். 1897இல் ஒருவர் மறுத்தார்: பிள்ளைக்கு வயிற்றிலேயே கோளாறு இருந்ததால்கூடப் பிரசவம் கஷ்டமாகியிருக்கலாமே என்று. அவர் சிக்மண்ட் ஃப்ராய்டு. கனவுகளுக்குப் போவதற்கு முன்பு அவர் நரம்பியல் மருத்துவர். அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி என்று நூறு ஆண்டு கழித்துத் தெரிந்தது, குறைந்தபட்சம் பணக்கார நாடுகளில்.

பணக்கார நாடுகளில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறக்கும்போது மூச்சுத் திணறிய பிள்ளையை மூன்று நாள் குளிர்வித்து வைத்தால் மூளைச் சேதம் குறைகிறது என்று அங்கே நடந்த சோதனைகள் காட்டின. அதையே இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 பிள்ளைகளிடம் செய்து பார்த்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பலன் இல்லை, குளிர்வித்த பிள்ளைகளில் இறப்பு கூடியிருந்தது. அங்கே சரியானது இங்கேயும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. இங்குள்ள பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இதைப் படித்த பிறகுதான்.

மஞ்சள் காமாலை விஷயத்தில் ஒரு நல்ல கதை உண்டு. இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர் குறைமாதப் பிள்ளைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பார். 1956இல் ஒருநாள் ஒரு பிள்ளையின் துணியை விலக்கிக் காட்டினார்: வெயில் பட்ட தோல் வெளுத்திருந்தது, துணி மூடிய இடம் மஞ்சளாகவே இருந்தது. நீல விளக்குச் சிகிச்சை பிறந்தது அப்படித்தான். எங்கள் ஊர்க் கிழவிகள் இளவெயிலில் பிள்ளையைக் காட்டுவதும் அதே அறிவுதான். ஆனால் மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ வெயில் போதாது. மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் என்ற கழிவு மூளைக்குள் ஏறினால் காதையும் அசைவையும் கெடுத்துவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வலிப்புக்குச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது எதற்கும் உதவாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நூற்றில் இரண்டு முதல் ஐந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு வரும், பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மந்திரிக்கப் போவதும் ஏர்வாடிக்கு நேர்ந்துகொள்வதும் அவரவர் நம்பிக்கை, நான் அதில் தலையிடவில்லை. வலிப்புக்கு டாக்டர் தினமும் மாத்திரை கொடுத்திருந்தால் அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால்தான் பெரிய வலிப்பு வரும்.

சப்பாணியும் அம்புலியும்

சரி, நம்மைப் போன்றவர்கள் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? திருவனந்தபுரத்தில் எம்.கே.சி. நாயர் குழுவினர் அங்கன்வாடிப் பணியாளரே பயன்படுத்தக்கூடிய ஒரு அட்டவணை செய்தார்கள், இரண்டு வயது வரைக்கும் 17 விஷயம். அதைப் பார்த்தபோது எனக்குப் பள்ளியில் படித்த பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் நினைவுக்கு வந்தன. நம் புலவர்கள் வரிசையை எப்போதோ எழுதிவிட்டார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை ஊன்றி, தலையைத் தூக்கி ஆட்டுவது. ஒன்பதில் சப்பாணி: உட்கார்ந்து கை கொட்டுவது. ஒரு வயதையொட்டி வருகை: தளர்நடை. அப்புறம் அம்புலி.

சப்பாணி என்ற சொல்லை நடக்க முடியாதவரைக் குத்திக்காட்டும் சொல்லாக்கிவிட்டோம், அது இருக்கட்டும். கை கொட்ட இரண்டு கையும் நடுவில் வந்து சந்திக்க வேண்டும், விரல்கள் விரிய வேண்டும். மூளையின் இரண்டு பாதியும் ஒத்துழைத்தால்தான் அது நடக்கும். எங்கள் பிள்ளை ஒன்பது மாதத்தில் கை கொட்டவில்லை. அது எங்கள் கண்ணில் படவில்லை.

அம்புலி இன்னும் நுட்பமானது. நிலாவைக் காட்டினால் எட்டு மாதப் பிள்ளை உங்கள் விரலைப் பார்க்கும். ஒரு வயதுவாக்கில் விரல் போகும் திசையைப் பார்க்கும். கொஞ்ச நாளில் தானே காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். இந்தத் திரும்பிப் பார்த்தல் ஒன்றரை வயது வரை வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால் ஆட்டிசத்துக்காகச் சோதிக்கச் சொல்கிறார்கள். உலக அளவில் நூறு பிள்ளைகளுக்கு ஒன்று என்ற அளவில் அது இருக்கிறது. தாய் கொஞ்சாததால் வருவதில்லை. தடுப்பூசியால் வருவதில்லை. அப்படி 1998இல் வந்த கட்டுரையை லான்செட் என்ற மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வந்த ஆய்விலும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது.

சந்தேகம் வந்தால் போக ஒரு இடம் உண்டு. தேசியச் சிறார் நலத் திட்டம் 2013இல் தொடங்கியது. அதன் கீழ், 18 வயது வரை உள்ளவர்களைப் பார்க்க மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைத்திருக்கிறார்கள். இயன்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, செவித்திறன் எல்லாம் அங்கேயே, இலவசமாக. எங்களுக்குச் சிரமமாக இருந்தது பஸ்தான். வாரம் மூன்று நாள் பிள்ளையோடு போய்வர அக்காவுக்குப் பாதி நாள் போய்விடும்.

அங்கே சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு அப்பத்தா கோபப்பட்டார். நன்றாக இருக்கும் இடது கையில் ஒரு உறையை மாட்டிவிட்டு, வலது கையால் மட்டும் விளையாட விட வேண்டும். நாளுக்குக் கொஞ்ச நேரம், விளையாட்டாக. கருவேலங்காட்டுப் பாதைதான்: நல்ல பாதையைக் கொஞ்ச நேரம் மறித்தால்தான் மூடிக்கிடக்கும் பாதையில் ஆள் நடக்கும். "நல்ல கையக் கட்டிப்போட்டு என்னடி வைத்தியம்?" என்பார். ஒரு மாதம் கழித்து உறையைத் துவைத்துக் காயப்போட்டது அவர்தான்.

அக்காவின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் எலிசா நியூபோர்ட் குழுவினர், அக்கா மகனைப் போலவே பிறப்பையொட்டி இடது மூளையில் பக்கவாதம் வந்து வளர்ந்த இளைஞர்களைச் சோதித்து 2022இல் எழுதினார்கள். பேச்சு நன்றாகவே வந்திருந்தது. ஸ்கேனில் பார்த்தால் அது வலது மூளையில், இடது பக்கம் இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் எதிரே, கண்ணாடி பிம்பம்போல உட்கார்ந்திருந்தது. பெரியவருக்கு அதே அடி பட்டால் பேச்சு பெரும்பாலும் அப்படி இடம் மாறுவதில்லை. அக்காவிடம் இதைப் படித்துக் காட்டியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னாள்.

இப்போது அவனுக்கு மூன்று வயது நெருங்குகிறது. போன வாரம் மொட்டை மாடியில் கை கொட்டிக் காட்டினான். வலது கை விரல்கள் முழுக்க விரியாததால் சத்தம் மொத்தையாக வந்தது.

"ஓசையே வரலயேடா" என்றார் அப்பத்தா.

"நீ கொட்டு பாப்பம்" என்றான் அவன்.